மஞ்சள் கட்டத்தில் நான்கு கார்கள்

ஆகஸ்ட் 12
தொலைக்காட்சியில் மறுபடியும் அதே படம். கொரியாவிலேயே ஏதோ ஓர் ஊரில், அடுக்குமாடியின் நிலவறை வாகன நிறுத்தத்தில் மின்கார் ஒன்று எரிந்து, பக்கத்துக் கார்களெல்லாம் கரிக்கட்டை. எங்கள் தேஜானில் இல்லைதான். ஆனாலும் கீழே போய் எங்கள் நிறுத்தத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டு ஸல்ஹீயிடம் மின்கார் இருக்கிறது. சாயங்காலம், காரமாக ஊறவைத்த வெள்ளரிக் கிம்ச்சி டப்பாவோடு வந்தாள். "அக்கா, லிஃப்டுல என்னைய வெடிகுண்டு மாதிரி பாக்கறாங்க. நீங்கதான மூணாம் பிளாக் பிரதிநிதி? கூட்டத்துல எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கக்கா."

பேசுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 19
பேசவில்லை.

ஆகஸ்ட் 20
நேற்று அதற்குமேல் எழுத மனம் வரவில்லை. சங்கத் தலைவர் தாக் மேசையைத் தட்டினார்: "மின்கார் எல்லாம் மேல போகட்டும்! கீழ எரிஞ்சா புகை நம்ம புள்ளைங்க மூக்குலதான் ஏறும்." கை தூக்கச் சொன்னார். எல்லாரும் தூக்கினார்கள். நானும். பயம்தான் — என் மகன் இரண்டாவது மாடியில் தூங்குகிறான். பயப்படுவது தப்பா? ஸல்ஹீ பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே எங்கே நிறுத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. தரையில் காரே கிடையாது என்பதுதான் எங்கள் வளாகத்தின் பெருமை. பைன் மரங்கள், ஊஞ்சல், புல்வெளி. வண்டி நிற்கக்கூடிய ஒரே இடம், தீயணைப்பு வண்டிக்காக மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கிய கட்டம்.

செப்டம்பர் 3
மஞ்சள் கட்டத்தில் நான்கு மின்கார்கள். தாக்கின் ஏற்பாடு. "தற்காலிகம்தானேம்மா" என்கிறார்.

செப்டம்பர் 11
தீ. மின்காரில் இல்லை, தாக் வீட்டு அடுப்பில்! எலும்பு சூப்பைக் கொதிக்கவிட்டுத் தூங்கிவிட்டார் மனிதர். ஐந்தாம் மாடி பால்கனியில் இருமிக்கொண்டு நின்றார், பின்னால் கரும்புகை. தீயணைப்பு வண்டி வந்து, நிற்க இடமில்லாமல் ஹாரன் அடித்தது.

முதலில் ஓடிவந்தவள் ஸல்ஹீ. வெறுங்கால், தலையில் ஷாம்பு நுரை. காரைப் புல்வெளியில் ஏற்றிவிட்டு, மற்ற மூவரையும் போனில் கத்திக் கூப்பிட்டாள். அவர்களும் வந்து எடுத்த பிறகுதான் ஏணி உயர்ந்தது, தாக் பத்திரமாக இறங்கினார்.

"எங்க இடத்துல காரை நிறுத்தச் சொன்ன புத்திசாலி யாருய்யா?" என்றார் தீயணைப்பு அதிகாரி. "கீழ நிலவறையில தீயணைக்கிற ஸ்பிரிங்க்ளர்ல தண்ணி வருதான்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

தாக் தரையைப் பார்த்தார். நானும்தான். அவமானமாக இருந்தது.

செப்டம்பர் 24
ஸ்பிரிங்க்ளரைச் சோதித்தார்கள். அபாய மணி சும்மா சும்மா அடிக்கிறதென்று யாரோ தண்ணீர் வால்வையே மூடி வைத்திருக்கிறார்கள்! கடவுளே. இத்தனை நாள் எந்தக் கார் எரிந்திருந்தாலும் —

திறந்தாயிற்று. மின்கார்களுக்கு நிலவறையிலேயே, வெளியேறும் சரிவுக்குப் பக்கத்தில் இடம், நடுவில் தடுப்புச் சுவர். இந்தக் கூட்டத்தில் நான் பேசினேன். ஸல்ஹீக்காக நிறையவே பேசினேன். தாக்கே கைதட்டினார். அவள் வரவில்லை.

அக்டோபர் 8
லிஃப்டில் அவளும் நானும் மட்டும். கீழே இடம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"ரொம்ப வசதியா இருக்குங்க, பிரதிநிதி அம்மா. நன்றி" என்று குனிந்து வணங்கினாள்.

எங்கள் மாடி வரும்வரை, ஒரு 'அக்கா' வருமா என்று காத்துக்கொண்டு நின்றேன்.