ஆறாவது படையின் கையில் கோடரி

நானா,

இன்ரநெற் கபேக்காரன் இன்று தன் இரும்புக் கதவுக்குச் சாம்பல் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தான். வள்ளங்களுக்கு அடிக்கிற அதே பெயின்ற். வாசம் மூக்கில் ஏறியதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். நம்முடைய ஐந்து ஈயப் பொம்மைப் பேரரசுகளையும் அந்த ஒரே பெயின்றில்தானே முக்கி எடுத்தோம். ஊருக்குள் வேறு நிறம் வராத காலம். பனிக்காட்டாரும் சாம்பல், நிழல்முடியாரும் சாம்பல், கொம்பர்களும் சாம்பல். எது எவன் ஆள் என்று தெரியாமல் என் குதிரைப்படையை நானே வெட்டிச் சாய்த்தேன். தன் சேனையைத் தானே அழித்துவிட்டு வெற்றி முரசு கொட்டிய ஒரே சக்கரவர்த்தி என்று நீங்கள் கிண்ணியா முழுக்க என் புகழைப் பரப்பினீர்கள்.

"அண்ணை, கரன்ற் இருக்கேக்க உள்ள வந்து கொம்பியூற்றரைப் பாத்திட்டுப் போங்கோ," என்றான் கபேக்காரன். போனேன். பார்த்தேன். பார்த்ததிலிருந்து என் இரத்தம் கொதிக்கிற கொதிப்பில் துறைமுகத்துக் கப்பல்கள் அத்தனைக்கும் நீராவி கொடுக்கலாம். யாரிடமாவது கத்தியாக வேண்டும். திருப்பிக் கத்தக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களோ அக்கரையில், கிண்ணியா மையவாடி மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்துவிட்டீர்கள். ஆகவே இந்த மடல்.

விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொம்மைச் சண்டை விளையாட்டை அச்சடிக்கிற கொம்பனி, இத்தனை வருடம் கழித்து, ஆறாவது படை யார் என்று அறிவித்துவிட்டது.

அது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். கொஞ்சம் தவியுங்கள். நான் தவித்தது போதும்.

அந்தப் பெட்டி வந்த கதையை உங்கள் தம்பியின் பிள்ளைகள் இன்றைக்கு நம்பமாட்டார்கள். கப்பலில் வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவன் பேசாத ரேடியோவைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தான். நீங்கள் அதைப் பேச வைத்தீர்கள். சந்தோசத்தில் கூலியோடு ஒரு பெட்டியையும் வைத்துவிட்டுப் போனான். திறந்தால் ஈயப் பொம்மைகள், பகடைகள், ஒரு விதிப்புத்தகம். புத்தகத்தில் ஐந்து படைகளின் வரலாறு, குலப்பகை, ஆயுதம், சாபம், அவர்கள் தின்கிற தீனி வரைக்கும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: ஆறாவது மக்களைப் பற்றி அடுத்த புத்தகம் சொல்லும்.

அடுத்த புத்தகம். பிளேன்ரீக்குச் சீனி வந்து சேராத ஊருக்கு அடுத்த புத்தகம். அப்படி ஒரு வரியை எழுதி வைத்துவிட்டுப் போனவனை எந்த நரகத்தில் போடுவது என்று நாம் யோசிக்காத நாள் இல்லை.

ஆகவே நாமே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஊரடங்குப் பகல்களில், உங்கள் கடையின் பாதிக் கதவை இழுத்துவிட்டு, உலகத்தின் எதிர்காலத்தை நாம் தீர்மானித்தோம். என் கட்சி, ஆறாவது படை எரிமலை அரக்கர்கள். கோணமலைக்கு மேலால் குனிந்து கடலில் வாய் கொப்பளிக்கக்கூடிய ஆட்கள். வருவார்கள், ஐந்து படையையும் மிதிப்பார்கள், கதை முடியும்.

நீங்கள் ரேடியோவின் வயிற்றுக்குள் இருந்து தலையை எடுக்காமலே கேட்டீர்கள்.

"புத்தகத்து வரைபடத்தைப் பாத்தீங்களா மச்சான்? நடுவுல கடல். அஞ்சு படைக்கும் அஞ்சு கரை. ஆனா சண்டைப் படம் எல்லாம் அடுத்தவன்ட கரையில. இவனுகள் நீந்தியா வந்தவனுகள்?"

"மந்திரத்தால வந்திருப்பாங்கள்."

"மந்திரத்துக்குத் தனியா ஒரு பாடம் இருக்கு. அதுல கடல் தாண்டுற மந்திரம் இல்ல. ஆயுதப் பட்டியல்ல ஒரு தோணி கூட இல்ல. அப்ப தோணி வெச்சிருக்கிறவன் ஒருத்தன் இருக்கான். அவனப் பத்தித்தான் இன்னும் எழுதல்ல."

"சரி, அவன் எந்தப் பக்கம்?"

"அவனுக்கென்ன பக்கம்? எல்லாரையும் ஏத்துவான். ஏறேக்குள்ள ஆயுதத்தக் கழட்டி வெக்கணும், அவ்வளவுதான்."

காலையும் மாலையும் பாதையில் கடல் கடக்கிற மனிசனுக்கு வேறென்ன தோன்றும் என்று நான் நக்கலடித்தேன். பாதை என்று நாம் சொல்லும் அந்த இரும்பு மிதவைக்கே ஒரு சாம்ராச்சியத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்றேன். நீங்கள் கோபிக்கவில்லை. "எண்ணிப் பாருங்க, தோணி இருக்கா எண்டு," என்று மட்டும் சொன்னீர்கள். நான் களவாக எண்ணிப் பார்த்தேன். இல்லை.

இந்த ஆராய்ச்சியின் உச்சத்தில்தான் நீங்கள் அந்த வரைபடத்தைப் பெரிதாக வரைந்தீர்கள். பெரிய மட்டை ஒன்றில், கரைகளோடு, அம்புக்குறிகளோடு. தலைப்பில் கொட்டை எழுத்து: "ஆறாவது படை எப்போது வரும்? எந்தக் கரையால் வரும்?" அதைச் சுருட்டிக் கக்கத்துக்குள் செருகி, பொம்மைகளையும் பகடைகளையும் சோற்றுப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, நாடு இருந்த நிலையில், நேரே பாதைத்துறைச் சோதனைச் சாவடிக்குள் நடந்து போனீர்கள். வழியனுப்பிய எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வீட்டில் வைத்து மற்றக் கரையையும் கீறி முடியுங்கள் என்று புத்திமதி வேறு சொன்னேன். பூலோகத்தில் இந்த மடத்தனத்தைச் செய்யத் தகுதி படைத்தவர்கள் நாம் இருவர் மட்டுமே.

உங்கள் தம்பி ஓடி வந்து, "நானாவப் புடிச்சி வெச்சிருக்கானுகள், ஏதோ படம் அம்பிட்டதாம்," என்றான். விதிப்புத்தகம் என்னிடம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பறந்தேன்.

சாவடி மேசையில் நம் பொம்மைகள் வரிசையாக நின்றன. மேசைக்கு முன்னால் நீங்கள், கைகளைத் தலைக்கு மேல் வைத்தபடி. ஓரளவு தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் மட்டையை விரித்து வைத்திருந்தார்.

"ஆறாவது படை எங்க இருந்து வாறது?"

"அதுதான் சேர் எங்களுக்கும் விளங்கல்ல. கன காலமாத் தேடுறம்."

என் உயிர் அந்த இடத்திலேயே கழன்று, உள்துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு போக்கிடம் இல்லாததால் திரும்பி வந்தது. புத்தகத்தை நீட்டி, என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கொம்பர்களின் படத்தில் கொஞ்சம் தாமதித்தார். கடைசிப் பக்கத்து வரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடாமலே, யாருக்கென்றும் இல்லாமல், "பறக்கிற சாதியா இருக்கும்," என்றார்.

அத்தோடு "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எந்த மனிசனும் அப்படித்தான் செய்திருப்பான். நீங்கள் கையை இறக்காமலே வாயைத் திறந்தீர்கள்.

"இல்ல சேர். பிழை."

"என்ன பிழை?"

"பறக்க ஏலுமெண்டா அவன் ஏன் சேர் இதுக்குள்ள நிக்கிறான்? பறந்து போயிருவானே."

அவர் மட்டையைச் சுருட்டினார். சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பொழுது சாயுமுன் உங்களை விட்டார்கள். பொம்மைகளை விடவில்லை. புத்தகத்தையும் மட்டையையும் விடவில்லை. ஐந்து பேரரசுகள், ஒரு சோற்றுப் பெட்டிக்குள், குற்றச்சாட்டு இல்லாமல், விசாரணை இல்லாமல் உள்ளே போயின. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கப் போனால் அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்கிறார்கள். ஈயத்தால் செய்த அரசனுக்கே இந்த நாட்டில் இதுதான் கதி.

வெளியே வந்து நீங்கள் முதலில் சொன்னது, "அவர் பிழையாத்தான் சொல்றார் மச்சான்."

விளையாட்டுப் போனது. வாதம் போகவில்லை. பொம்மை இல்லை, பகடை இல்லை, விதிகளில் பாதி மறந்தும் போயிற்று. நாம் வருடக்கணக்காக, இல்லாத ஒரு விளையாட்டின் வராத ஒரு படைக்காக அடிபட்டோம். என் அரக்கர்கள் வருடத்துக்கு வருடம் வளர்ந்தார்கள். உங்கள் ஆட்கள் வளரவில்லை. தோணியும் தண்ணியுமாக அப்படியே நின்றார்கள்.

பிறகு அந்தக் கிழமை வந்தது. சண்டை மூண்டு பாதை ஓடவில்லை. உங்களுக்கு நெஞ்சு நொந்ததும், வாகனம் பிடித்துத் துறை வரைக்கும் கொண்டு வந்ததும், அங்கே உங்களைக் கிடத்திவிட்டுத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றதும் எனக்குப் பிறகுதான் தெரியும். பெரியாஸ்பத்திரி இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன் நான். இதை மட்டும் இருந்த அளவுக்குச் சொல்லவே ஏலாமல் இருக்கிறது. அடக்கத்துக்கும் என்னால் வர முடியவில்லை.

இனி இன்றைக்குக் கண்ட அநியாயம்.

ரொறன்ரோவில் இருக்கிற என் மருமகள்தான் அந்த இணையப் பக்கத்தின் முகவரியை அனுப்பியவள். உலகம் முழுக்க உள்ள இந்த விளையாட்டுப் பைத்தியங்கள் கூடிக் கதைக்கிற இடம். ஆறாவது படை யார் என்று மாதக்கணக்காக ஊகிக்கிறார்கள். ஒருவன் எலும்புக்கூடு என்கிறான். ஒருவன் இரும்பு எருமை என்கிறான். பழைய எரிமலை அரக்கர்களும் உண்டு. எவனோ ஒரு நோர்வேக்காரன் என் கருத்தைத் திருடிவிட்டான். அத்தனை புத்திசாலிகளில் ஒருவனாவது தோணியை எண்ணினானா? இல்லை. எல்லோரும் புதிதாக ஒரு கொலைகாரனைத்தான் தேடுகிறார்கள்.

இன்று அறிவிப்பின் படம் மெதுவாக இறங்கியது. மேலிருந்து ஒவ்வொரு கீற்றாக. முதலில் பாய்மரம். பிறகு அணியம், கூரான முன்முனை. தோணி, நானா. தோணி. நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் குண்டு விழுந்துவிட்டதென்று மேசைக்குக் கீழே போய்விட்டான்.

பிறகு மிச்சப் படமும் இறங்கியது. தோணிக்காரன் ஒரு கையில் சுக்கான் பிடித்திருக்கிறான். மறு கையில் கோடரி. ஏறினவனை நடுக்கடலில் வைத்து வெட்டுவதுதான் அந்தப் படையின் விசேட சக்தியாம். அதற்கு மேலதிகப் புள்ளியும் உண்டாம். கீழே ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். நீங்கள் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஆளைக் கண்டுபிடித்து, அவன் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டார்கள். ஒருவனையாவது சும்மா விட மாட்டார்களா? நம்மூரில்தான் விடுகிறார்கள் இல்லை, கற்பனையிலுமா?

ஒற்றை விரலால், என் ஆங்கிலத்தில், உங்கள் கட்சியை முழுதாக எழுதிப் போட்டேன். திருகோணமலையில் என் நண்பர் ஒருவர் இதை உங்கள் எல்லோருக்கும் முன்னமே கண்டுபிடித்தார், ஆனால் அவருடைய ஆள் வெட்டமாட்டான், ஏறுகிறவன்தான் ஆயுதத்தைக் கழற்றி வைக்க வேண்டும் என்றேன். பலர் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் மரியாதையாகக் கேட்டான்: "அப்படியானால் அந்தப் படையை வைத்து விளையாடுகிறவர் எப்படி வெல்வது?"

உங்களிடம் நான் இதைக் கேட்டதே இல்லை, நானா. இத்தனை வருடத்தில் ஒரு தரம் கூட. எனக்கு என் அரக்கர்கள் வெல்வதே போதுமாக இருந்தது. நீங்களும் சொல்லவில்லை. வெல்கிற வழியைச் சொல்லாமல் ஒரு படையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். என் கோபத்தில் பெரிய பங்கு கொம்பனிக்கு இல்லை, உங்களுக்குத்தான்.

"ஊரடங்குக்கு முதல் பூட்டோணும் அண்ணை," என்றான் கபேக்காரன். அவசரத்தில் நானே ஒரு விதியை எழுதி அனுப்பினேன்: ஆட்டம் முடியும்போது கடக்க முடியாமல் எந்தக் கரையிலும் ஒருவரும் நிற்கவில்லை என்றால், ஆறாவது படை வென்றது.

வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே அதில் ஓட்டைகள் தெரிந்தன. எல்லோரும் செத்துப்போனாலும் கரையில் ஒருவரும் நிற்கமாட்டார்கள், அப்போதும் வெற்றியா? அதை அடைக்க இன்னொரு விதி யோசித்தேன். அது இன்னும் மோசம். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன், பிழை என்று நீங்கள் சொல்வீர்கள் என்று.