மஞ்சு வீட்டில் என்ன சொல்வது

9.8.99 திங்கள்
தூறல். சாக்ஸ் காயவில்லை. ஈரத்தோடு பள்ளிக்கு.

மஞ்சுநாத் போய் மூன்று நாள். சனிக்கிழமை வகுப்பில் முதலில் சொன்னது நான்தான். ஒருவனும் நம்பவில்லை. "டேய், போன மாசம் பி.டி. மாஸ்டருக்குக் கல்யாணம்னு கெளப்பிவிட்டவன்தானே நீ?" அந்த பி.டி. மாஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் அடங்கினார்கள்.

அம்மா: "அவங்க அம்மாவ இன்னும் போய்ப் பாக்கலயாடா?"
டெஸ்ட் இருக்கிறது என்றேன். புளுகு.

நிஜம்: ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. என் கன்னடம் முழுக்க மஞ்சு சொல்லிக்கொடுத்தது. கணக்கெடுத்தேன்.
கண்டக்டரோடு சண்டை போட: 4 வாக்கியம்
கிரிக்கெட்டில் அழுகுணி ஆட: 6
கெட்ட வார்த்தை: ஏராளம்
சாவு வீட்டில் சொல்ல: 0
கேட்டுக்கொள்ளலாம் என்றால், கேட்கிற ஆள் அவன்தான்.

10.8.99 செவ்வாய்
மழை. கெமிஸ்ட்ரி நோட்டில் பாதி அவன் கையெழுத்து. மூடி வைத்துவிட்டேன்.

தர்மபுரியிலிருந்து பெங்களூர் வந்து இங்கே சேர்ந்த நாள். பள்ளி கேட்டில் நானும் அப்பாவும் முழித்துக்கொண்டு. யார் எவர் என்று தெரியாமலே ஓடிவந்து அப்பா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். "பன்னி அங்கிள், பன்னி, பன்னி!" அப்பா முகம்! கன்னடத்தில் அது 'வாங்க' என்று விளங்க ஒரு வாரம். பிறகு ஹெட்மாஸ்டரை ஒரு வருஷம் தினமும் வாயார "பன்னி சார்" என்று வரவேற்றேன். மஞ்சு தூணுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

புதுப் பையன் என்று யாரும் என் பெஞ்சுக்கு வராதபோது வந்து உட்கார்ந்தவன். டப்பாவில் பாதி சித்ரான்னம் எனக்கு, கேட்காமலே.

ஆஸ்பத்திரியில் நான் கடைசியாகச் சொன்னது: "மஞ்சுவுக்கு மஞ்சக்காமாலை. பேருக்கேத்த வியாதிடா." சிரித்தான். கண்ணெல்லாம் மஞ்சள். "நீ ஒருத்தன்தான்டா இங்க வந்து அழல."
அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மடையன்.

12.8.99 வியாழன்
மழை இல்லை. சாக்கும் இல்லை. போனேன்.

நானே கோத்த ஒரு கன்னட வாக்கியத்தைத் தெருமுனை வரை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வாசலில் மண்டை காலி. ஆன்ட்டி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "ஊட்டா ஆய்த்தா?" சாப்பிட்டாயா என்று. அந்த வீட்டில், என்னை. தலையாட்டினேன். அரை மணி நேரம் தரையைப் பார்த்தேன்.

எழுந்தபோது வாய் தன் பாட்டுக்கு, "பர்த்தீனி ஆன்ட்டி."
போயிட்டு வரேன்! சாவு வீட்டில் அதைத் தமிழிலும் சொல்லக்கூடாது, கன்னடத்திலும் சொல்லக்கூடாது. அவன் அத்தை "ச்சு" கொட்டினாள்.

ஆன்ட்டி திட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல: "யார்ன நோடோக்கே பர்த்தீயப்பா?"

யாரைப் பார்க்க வருவே. இது மட்டும் உடனே புரிந்து தொலைத்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பொம்மனஹள்ளி சிக்னல் வரை வெறுங்காலோடு நடந்தேன்.