ஆம்பூர் வாக் டாட் காம் யாருக்கு?

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை இளம்பரிதியும் அந்தக் கால்கரி குளிரில் அதேபோல் இருக்க வேண்டும். அப்பாவின் கண்ணை வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம், ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தைரியத்தில் மனிதர் மறுபடி பைக் ஓட்டுகிறார், நீயே ஒரு தடவை போனில் அதட்டு.

நேற்று என் போனுக்கு வந்த ஆறு எண்களைப் படித்துச் சொல்லும்படி நான்கு தடவை கூப்பிட்டாய். கண்ணாடியைக் காணோம் என்று நான் சொன்னது பொய். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. எண்கள் பளிச்சென்று தெரிந்தன, சொல்ல மனம் வரவில்லை. போனில் நீ என்னை ஒரு வாக்கியமும் முடிக்க விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். அந்த எண்களைச் சொல்லியிருந்தால் ஆம்பூர் வாக் டாட் காம் என்ற இணையதளப் பெயர் அந்தக் கணமே அதை விலைக்குக் கேட்கும் சென்னைக்காரர்கள் கைக்குப் போயிருக்கும், இல்லையா? நான் புரிந்துகொண்டதை முதலிலிருந்து எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து.

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும்போது இந்த மாதிரி முப்பத்தொரு பெயர்களை வாங்கிப் போட்டாய். கனடா போகும்போது, பெயர்களைப் பதிந்த கம்பெனியிடம் என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாய். யாராவது பெயரை விலைக்குக் கேட்டு எழுதினால் நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று, அந்தப் பெயருக்கு வரும் மெயில் எல்லாம் என் போனில் வந்து விழும்படியும் செய்தாய். இத்தனை வருஷத்தில் ஆம்பூர் வாக்கைக் கேட்டு ஒருவரும் எழுதவில்லை. போன மாதம் முதல் மெயில் வந்தது, அதுவும் விலை கேட்டு அல்ல. ஜெர்மனியில் ஒரு கடைக்காரர், சாம்பிள் ஷூவின் அளவுப் பட்டியலை இருபதாம் தேதிக்குள் அனுப்பாவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்குத் தருவேன் என்று எழுதியிருந்தார். அது என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தபரேஸுக்கு வந்த மெயில். இரண்டு வருஷமாகத் துத்திப்பட்டில் ஷூ செய்கிறான், இருபத்திரண்டு பெண்கள் தைக்கிறார்கள், ஆம்பூர் வாக் என்பதுதான் அவன் சரக்கின் பெயர். டாட் காம் உன்னிடம் இருந்ததால், டாட் காம் எல்லாம் பழசு, இப்போது டாட் ஷூஸ்தான் ஃபேஷன் என்று பெங்களூரில் யாரோ சொல்ல அதை வாங்கியிருக்கிறான்.

மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். எங்க மெயில் உங்களுக்கு எப்படி வந்துது டீச்சர் என்று கேட்டான். அட்டைப்பெட்டி அச்சடித்துத் தரும் ரஷீத் அஹமதைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "டாட் ஷூஸ்னு எழுதிக் குடுத்தீங்க பாய், இன்னாடா இது, அட்ரஸ்ல சரக்கு பேரை எழுதிட்டாங்களேன்னு நான்தான் காம்னு போட்டேன். ஊர்ல எல்லா பெட்டிலயும் காம் தானே இருக்குது" என்றார் அவர். நான்காயிரம் பெட்டி, மேகலா! பாதி கப்பல் ஏறிவிட்டது. தபரேஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் அம்மா ஹலீமா பீதான், "அன்னிக்கு உன் நோட்டைத் திருத்துனாங்க, இன்னிக்கு உனக்கு மெயில் கொண்டாந்து குடுக்குறாங்க, நீ எப்பதான்டா பெரியவனாவே" என்று அவனைக் கிண்டல் செய்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். அன்றே பட்டியலை அனுப்பினான், ஆர்டர் கைவிட்டுப் போகாமல் தப்பியது. அதன் பிறகு வந்த ஆறு மெயிலையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதை உன்னிடம் சொன்னபோது, நம்ம பேருக்கு வேல்யூ ஏறிடுச்சும்மா என்று குதித்தாய். ஏறியது உண்மைதான், ஆனால் எதனால் என்று யோசி. காட்பாடியைச் சுற்றி எத்தனை மனைப்பிரிவு போட்டார்கள், எல்லாப் பலகையிலும் ஜங்ஷனுக்கு மிக அருகில் என்றுதான் எழுதினார்கள். புது மனைகள் வர வர, பழைய நகர்களில் சும்மா கிடந்த மனைகளை வாங்க ஆளில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ஜனங்கள் வந்து போகிற கடையின் விலை மட்டும் இறங்கவில்லை. டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் ஷூஸ் என்று புதுசு புதுசாக வந்த பிறகு உன்னுடைய மற்ற முப்பது பெயர்களும் அந்தச் சும்மா கிடந்த மனைகள்தான். இது ஒன்று மட்டும் ஏன் தப்பித்தது? தபரேஸ் அந்தப் பெயரில் ஷூ செய்தான், பெட்டிக்காரர் கை தானாகக் காம் என்று போட்டது. கடையை வைத்தது அவன், ஜனங்களை வரவழைத்ததும் அவன்.

சென்னைக்காரர்களும் ஷூதான் செய்கிறார்கள். இது வெளிநாட்டு ஆர்டர் தானாக வந்து விழும் பெயர் என்று, பெயரை விற்றுத் தரும் தரகருக்கு நீ எழுதியிருக்கிறாய். அவருடைய பதில் உன் வரிகளோடு சேர்ந்து என் போனுக்கே வந்தது, படித்தேன். அப்போதுதான் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நீ விற்பது பெயரை அல்ல அம்மா, அவனுக்கு வரும் கடிதங்களை. அடுத்த மெயில் அவர்கள் கைக்குப் போகும், துத்திப்பட்டுக்கு வராது, அந்த இருபத்திரண்டு பேருக்கு ஏன் வேலை இல்லாமல் போயிற்று என்பதும் தெரியாது.

இந்தப் பெயருக்கு எவ்வளவு தர முடியும் என்று நானே தபரேஸிடம் கேட்டேன். அவனால் தர முடிந்தது சென்னைக்காரர்கள் சொன்னதில் பாதிகூட வராது. நீ வாங்கிய விலை, வருஷா வருஷம் புதுப்பித்த செலவு எல்லாம் போக நல்ல லாபம்தான். நீங்கள் அங்கே வாங்க நினைக்கும் வீட்டுக்கு முன்பணம் குறையும் என்பது எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வருஷம் வாடகை வீட்டில் இருக்க வேண்டி வரலாம். இரு. நானும் அப்பாவும் பதினாறு வருஷம் இருந்தோம். மிச்சப் பணத்தில் நாற்பது புதுப் பெயர் வாங்கப் போகிறேன் என்றாயே, அதையும் விட்டுவிடு. டாட் ஷூஸ் பெயரை முதல் வருஷம் சல்லிசாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருஷம் மூன்று மடங்கு கேட்டார்கள் என்று தபரேஸ் ரசீதைக் காட்டினான். நாற்பதுக்கு அப்படிக் கட்டிக்கொண்டு எந்தத் தபரேஸ் வருவான் என்று காத்திருப்பாய்?

நீ கோபப்படுவாய். என் நம்பரை மாற்றிவிட்டு உன் நம்பரைப் போட்டுக்கொள்ளவும் உன்னால் முடியும், அதற்கும் முதலில் என் போனுக்குத்தான் எண் வரும் என்று அப்பா சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை. பெயர் உன்னுடையது, உன் பெயரை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன். இந்தக் காரியத்துக்கு என் வாயால் எண் மட்டும் வராது, எத்தனை தடவை கூப்பிட்டாலும் வராது.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக, நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. பெயரைப் புதுப்பிக்க வேண்டிய தேதி வரும் பதினான்கு, அதை மறந்துவிடாதே. நேற்று வந்த எண் இந்நேரம் செல்லாமல் போயிருக்கும். வாங்குபவர் என்ற இடத்தில் தபரேஸின் பெயரைப் போட்டுவிட்டுப் புது எண் கேள். கண்ணாடி மூக்கிலேயே இருக்கும். வகுப்பில் டிக்டேஷன் கொடுப்பது மாதிரி ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை சொல்கிறேன்.

உன் அம்மா,
சௌந்தரம்