இடக்கை நடவு

நன்னிலம்
22 ஜூன் 2025

அன்புத் தம்பி அண்ணாதுரைக்கு, அக்கா ரெங்கம்மாள் எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் சுகம். அங்கே நீயும் உன் மகள் பரிதியும் சுகம்தானா என்று கேட்டால் அது பேச்சில் சேருமா என்று தெரியவில்லை. சேர்ந்தாலும் சேரட்டும். சுகம்தானே?

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று சிரிப்பாய். சிரி. போன வருஷம் உன் வீட்டு வாசலில் அந்தப் போர்டைப் பார்த்த அன்றைக்கே, அது அங்கே நிற்கிற வரைக்கும் உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று பிடாரியம்மன் முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்தேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பிடாரிக்கும் இது தெரியும்.

விஷயம் இதுதான். உன் மாமாவுக்கு வருகிற ஆவணி பன்னிரண்டாம் தேதி அறுபது முடிகிறது. திருக்கடையூரில் மணிவிழா. நான் கட்டிக்கொள்ள வேண்டிய புடவை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது நீ ஒருத்தன். நீ தட்டோடு வந்து நிற்கும்போது, "வா தம்பி" என்று நான் வாயைத் திறந்து கூப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். ஊமைபோல வாங்கினால் சபை என்ன சொல்லும்? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பரிதி மேல் எனக்குக் கோபம் கிடையாது. தஞ்சாவூருக்குச் சுற்றுலா வருகிறவர்களைப் புது ஆற்றங்கரையில் நடக்க வைக்கிறாள், சரி. எருமை குளிப்பாட்டச் சொல்கிறாள், அதுவும் சரி, எருமைக்காவது லாபம். ஆனால் பாபநாசத்து வயலில் இறக்கி நடவு நடச் சொல்கிறீர்கள். அதற்கு அடையாளமாக அம்மா குனிந்து நிற்பதைப் போர்டில் வரைந்து வைத்திருக்கிறீர்கள். நம் அம்மா வயிற்றுக்காகக் குனிந்தது தம்பி. அதை வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள் என்றால் எனக்கு வயிறு எரிகிறது. தாயில்லாப் பெண் என்று அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டித் தலையாட்டி, நீ கடைவீதிப் பொம்மையாகவே ஆகிவிட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.

உன் அக்கா,
ரெங்கம்மாள்


தஞ்சாவூர்
3 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தே பிரித்தேன். திட்டுதான் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. ஒரு வருஷமாக இந்தத் திட்டு இல்லாமல் சோறு இறங்கவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மாமாவுக்கு அறுபதா! நம் அம்மா செத்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். புடவை என் பாக்கியம். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

பரிதி சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தபோது ஊரே என்னைக் கேலி பண்ணியது. இப்போது வருகிறவர்களைப் பார். போன மாதம் அணை திறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்த அன்று, வந்திருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி பூவும் நெல்லும் கொடுத்துப் போடச் சொன்னாள். ஹாலந்திலிருந்து ஒரு அம்மா. அவர்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கால்வாயாம். "எங்க ஊர்ல எந்நேரமும் தண்ணி நிக்குது, அதனால யாரும் அதுக்கு வாங்கன்னு சொல்றதே இல்ல" என்று பரிதியிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போர்டு விஷயம். இந்த ஊரில் எந்தப் போர்டைப் பார்த்தாலும் பெரிய கோயில், இல்லாவிட்டால் தலையாட்டிப் பொம்மை, இல்லாவிட்டால் வீணை. "நமக்கு அப்பாயிதாம்ப்பா அடையாளம்" என்றாள் பரிதி. அம்மாவுக்கு இருக்கிற ஒரே போட்டோ, விவசாய ஆபீசர் யாரோ நடவில் எடுத்ததுதான். அதிலும் முகம் தெரியாது. வரிசையில் எல்லாரும் வலது கையால் நட, ஒருத்தி மட்டும் இடது கையால் நடுவதை வைத்துத்தானே நாமே அம்மாவைக் கண்டுபிடித்தோம்? போர்டு எழுதியவர், "இடக்கை லட்சணமா இருக்காது சார்" என்று வலக்கையாக மாற்றிவிட்டார். நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டேன்.

உன் மனசு புண்பட்டதை நினைத்தால் எனக்கும் வயல் இனிக்கவில்லை. யோசிக்கிறேன் அக்கா.

அன்புடன்,
தம்பி அண்ணாதுரை


நன்னிலம்
2 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

நாளைக்கு ஆடிப்பெருக்கு. கலந்த சாதத்துக்குப் புளி ஊற வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். உனக்குப் பிடித்த எள்ளுச் சாதமும் உண்டு. சாப்பிடத்தான் நீ இல்லை.

பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் அக்காவை உனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளை அஸார் துபாயிலிருந்து லீவில் வந்தவன், அம்மாவை ஊர் சுற்றிக் காட்ட நம் பரிதியிடமே கூட்டிப்போயிருக்கிறான். என்னிடம் சொல்லாமல் போய்விட்டு வந்து, காலில் சேறு காயாமல் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு அந்த அக்கா ஒரே அழுகை. நான் பதறிப்போய், "என்னக்கா, யாரும் எதுவும் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லடி ரெங்கம். எத்தனை நாளு பழகுறோம், ஒங்கம்மாவப் பத்தி நீ எனக்கு ஒண்ணுமே சொன்னதில்லையே" என்றார்கள்.

வயலில் இறங்கும் முன்னால் எல்லாரையும் செருப்பைக் கழற்ற வைத்து, வரப்பில் நிறுத்தி, அம்மா கதையைப் பரிதி சொல்வாளாமே? எந்த வயலில் அம்மா கூலிக்கு நட்டதோ அதே வயலைத்தான் பின்னால் நீ வாங்கினாய் என்று சொல்வாளாமே? நீ அதை எனக்கு எழுதவில்லை. அதற்குப் பிறகு அவள் சொன்னதாக மெஹராஜ் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க அப்பாயி இடதுகைக்காரங்க. பீச்சாங்கையால நட்டா பயிர் வெளங்காதுன்னு பண்ணைக் காரியக்காரர் அவங்கள எப்பவும் வரிசைக்குக் கடைசியில நிறுத்துவாரு. கூலியக்கூட கடைசியாத்தான் குடுப்பாரு. அதனால இந்த வயல்ல மொத வரிசை இடதுகையாலதான். யார் வந்தாலும், கலெக்டரே வந்தாலும் அப்படித்தான். கரை ஏறுற வரைக்கும் நிமிரக் கூடாது."

அந்த அக்கா இடக்கையால் நட்டு, நாற்றெல்லாம் கோணல்மாணலாகப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறி இருக்கிறார்கள். சிரித்தவர்கள் யாரும் இல்லையாம்.

அந்தக் காரியக்காரர் அம்மாவைக் கடைசியில் நிறுத்தும்போது நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன் தம்பி. நீ அப்போது கைக்குழந்தை. இதைப் பரிதியிடம் நீ சொன்னாயா? உனக்கு அம்மா சொல்லியிருக்கிறதா?

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பரிதியைக் கேட்டதாகச் சொல். சத்தியம் சத்தியம்தான், அது வேறு விஷயம்.

அக்கா,
ரெங்கம்மாள்


தஞ்சாவூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடிப்பெருக்கு நாளில் நல்ல செய்தி எழுதுகிறேன். இன்று காலையில் போர்டைக் கழற்றிவிட்டேன். ஏணி போட்டு நானே ஏறிக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டாயிற்று. இனி உன் சத்தியத்துக்குப் பங்கமில்லை. தாராளமாகப் பேசலாம்.

பரிதிதான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள். படித்துறையில் பெண்களெல்லாம் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வந்திருந்தவர்களை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள் வெறும் சுவரைப் பார்த்தாள். "அத்தைக்காகவாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்விட்டாள். இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு வாயை மூடிக்கொண்டால் எனக்குத் தண்டனை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பரவாயில்லை அக்கா. போர்டு இல்லாமலும் ஆட்கள் வருவார்கள். எனக்கு அக்கா ஒருத்திதான். புடவை எடுத்துவிட்டேன், அரக்கில் பச்சைக் கரை. போன் பண்ணு. மணி அடித்த உடனே எடுப்பேன்.

தம்பி,
அண்ணாதுரை


நன்னிலம்
8 ஆகஸ்ட் 2025

அடேய் அண்ணாதுரை,

நீ எழுதியதும் நான் எழுதியதும் வழியில் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டே போயிருக்கும். போர்டைக் கழற்றச் சொல்லி யார் உன்னைக் கேட்டது? நான் கேட்டேனா? சரி, கேட்டேன். ஒரு வருஷம் கேட்டபோது கழற்றாதவன், நான் மனசு மாறிய மறுநாளா கழற்றுவாய்?

காலையிலிருந்து மாமா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "ஒந்தம்பி பொழைக்கத் தெரியாதவன்னு சொல்லுவியே, இப்ப ஒனக்காகப் பொழப்பையே கழட்டி வச்சுட்டானே" என்கிறார். அடுப்படியில் போய் நின்று அழுதேன். போனைக் கையில் எடுத்தேன். இப்போது பேசலாம், சத்தியம் தடுக்காது. ஆனால் அம்மாவைப் பரணில் போட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் பேசி என்னடா ஆகப்போகிறது? போனை வைத்துவிட்டேன்.

நான் சொல்கிறபடி செய். அந்தப் பழைய போர்டு வேண்டாம். புதிதாக எழுது. அம்மா குனிந்தே இருக்கட்டும். அது குனிந்ததில் நமக்கு என்ன வெட்கம், குனிய வைத்தவர்களுக்குத்தான் வெட்கம். ஆனால் இடது கையால் நட வேண்டும். லட்சணம் இல்லை என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்பு. அம்மா பேரைப் போடு. பெரிய கோயில் சுவரில் விளக்குக்கு நெய் கொடுத்தவர்கள் பேர்கூட வெட்டியிருக்கிறது என்று நீதானே வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாய்? நம் அம்மா நட்ட நெல்லை எத்தனை பேர் தின்றிருப்பார்கள்! செந்தாமரை என்று, புது ஆற்றுப் பாலத்தில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுது.

போர்டு ஏறினால் பேசக் கூடாதே என்று கேட்பாய். அதை நான் பிடாரியிடம் பேசிக்கொள்கிறேன். பொங்கல் வைத்து, "தாயே, தெரியாமல் சொல்லிவிட்டேன், நீயும் ஒரு தாய்தானே" என்று காலில் விழப் போகிறேன். எங்களுக்குள் அது தீர்ந்துவிடும்.

ஏறு ஏணியில். இந்தத் தடவை பார்த்து ஏறு, உனக்கும் வயசாகிறது.

அக்கா


தஞ்சாவூர்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஏற்றிவிட்டோம். இடக்கை. பேர் மஞ்சளில். வரைந்தவர் புது ஆள், தமிழ்நிலா என்று ஒரு பெண். அவளும் இடதுகைக்காரியாம். வரைந்து முடித்துக் கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டாள். பரிதி உன் கடிதத்தை வாங்கிப் படித்தாள், திருப்பித் தரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

திருக்கடையூரில் பார்ப்போம். நீ கூப்பிட்டால் மேடை ஏறுவேன். கூப்பிடாவிட்டாலும் ஏறுவேன்.

தம்பி


நன்னிலம்
6 அக்டோபர் 2025

அன்புத் தம்பி அண்ணாதுரைக்கு,

திருக்கடையூரில் எல்லார் முன்னாலும், "வாடா தம்பி" என்று நான் கூப்பிட்டதும், தட்டோடு அழுதுகொண்டு நின்றாயே, வீடியோக்காரர் அதைத்தான் முழுசாக எடுத்து வைத்திருக்கிறார். மாமா தாலி கட்டுவது பாதிதான் இருக்கிறது. மாமா இன்னும் சொல்லிக்காட்டுகிறார். அந்தப் புடவைக்கும், அந்த அழுகைக்கும் அக்கா உனக்குக் கடன்பட்டவள்.

நேற்று சம்பா நடவுக்கு வந்தேனே, அதைப் பற்றிப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இது கடுதாசியில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ வேனுக்குச் சொல்லப் போயிருந்தாய். நான் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். வந்தவர்களில் ஒரு வெளிநாட்டுப் பெண், நெட்டையாக, பரிதி வயசு இருக்கும், போர்டைக் காட்டி ஏதோ கேட்டாள். பரிதி என்னைப் பார்த்து, "இவங்க யாரு, பேரு என்னன்னு கேக்குறாங்க அத்தை, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

யோசித்துப் பார் தம்பி. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா பேரைக் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேர். ரேஷன் கடையில் முதலில் அப்பா பேர், பிறகு மாமா பேர். இத்தனை வயசில், ஒங்கம்மா பேரு என்ன என்று யாரும் என்னைக் கேட்டதே இல்லை. போர்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன். பிறகு, "எங்க அம்மா. செந்தாமரை" என்றேன்.

அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். "சென்டமரே" என்றாள். சரி, போகட்டும் என்று விட்டுவிடுவேன் என்றுதான் நானும் நினைத்தேன். விடவில்லை. "இல்லம்மா, செந்-தா-ம-ரை, மறுபடி சொல்லு" என்றேன். கூட வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேன் வந்து ஹாரன் அடித்தும் யாரையும் ஏற விடவில்லை. அத்தனை பேர் வாயிலும் அம்மா பேர் சரியாக வந்த பிறகுதான் ஏற விட்டேன்.

அதற்காகத்தான் வேன் தாமதமாகக் கிளம்பியது. நீ பரிதியைத் திட்டாதே.

உன் அக்கா,
செந்தாமரை மகள் ரெங்கம்மாள்