ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஒரு பெண் குரல்

ஜூலை 8, செவ்வாய்

ஆடி இன்னும் பிறக்கவில்லை, காற்று பிறந்துவிட்டது. திருவெறும்பூர் பட்டறையில் முதல் ஷிப்ட். காட்டூர் வீட்டுக்கு வந்து குளியல், காப்பி, கம்ப்யூட்டர்.

பஸ் ஓட்டும் கேமுக்கு நம்ம ஊர் மோட் வந்திருக்கிறது. ஜங்ஷன் – சத்திரம் – ஸ்ரீரங்கம். செய்தவர் வரதன், ஸ்ரீரங்கத்துக்காரர், வேலை ஷார்ஜாவில். இன்னும் பீட்டாதான், அதாவது அரைவேக்காடு. ஓட்டிப் பார்த்துத் தப்புச் சொல்ல எட்டுப் பேர். அதில் நான் ஒருவன். ஐ.டி.ஐ. படித்தவனுக்கு வந்த வாழ்வு.

என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள்: "மோட்னா என்னங்க?"

"கடையில வாங்கின சட்டைக்கு நாமளே ஒரு பை வச்சுத் தைச்சுக்கிறது."

"உங்க சட்டையில பட்டன் போயி ஒரு வாரம் ஆச்சு. அதைத் தைங்க."

ஜூலை 9, புதன்

கண்ட தப்புகள்:

1. காவிரிப் பாலத்தில் பஸ் நாலடி உயரத்தில் பறக்கிறது.
2. பயணிகள் இடுப்புவரை சீட்டுக்குள் புதைந்து கிடக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை.
3. கண்டக்டர் குரல் வெள்ளைக்காரி குரல். அத்தனை மரியாதை நம்ம பஸ்ஸில் ஏது?

வரதன் பதில்: "மூணாவதுக்கு நீங்களே பேசி அனுப்புங்கோளேன் அண்ணா."

நானா! இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ரெக்கார்டிங். வெறுமனே நின்று பேசினால் கண்டக்டர் வரவில்லை. கட்டில்மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் வருகிறார். "சத்திரம், சத்திரம்! படியில நிக்காதீங்க, உள்ள போங்க!" ஆறு தடவை. ஐந்தாவதில் ஸ்டெல்லா உள்ளே வந்து ஒரு சண்டை. புது விரிப்பாம்.

மொத்தத்தையும் அப்படியே அனுப்பியாயிற்று. திரும்பக் கேட்கவில்லை. என் குரல் எனக்கே சகிக்காது.

ஜூலை 12, சனி

புதுப் பீட்டா. இப்போது யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யலாம். பஸ் பாலத்தில் இறங்கிவிட்டது. என் குரலும் கணீர். ஸ்ரீரங்கம் ஸ்டாப்பில் பிரேக் போட்டேன். ஸ்பீக்கரில் ஸ்டெல்லா!

"வயசு நாப்பத்தாறாச்சு, இன்னும் என்ன தொங்கல் வேண்டிக்கெடக்கு? இறங்குங்க மொதல்ல!"

இறங்காத பயணிகளுக்கென்று நான் சேர்த்தனுப்பியதாக வரதன் நினைத்துவிட்டார். டவுன்லோட் பக்கத்தின் கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: "அந்த அக்கா போட்ட சத்தத்துல கேமை விட்டே இறங்கிட்டேன்."

வாட்ஸ்அப்பில் தன் போட்டோகூட வைக்காதவள் ஸ்டெல்லா. ரோஜாப்பூதான் வைத்திருக்கிறாள். அவள் குரலை ஊருக்கே போட்டுக் காட்டிவிட்டேன், அதுவும் திட்டுகிற குரலை.

வரதனிடம் சொன்னேன். "உடனே எடுத்துடலாம் அண்ணா. ஆனா மன்னிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கோ."

கேட்பதாம். சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் ஸ்டெல்லாவிடம் ஒப்புக்கொண்டேன். கோயிலிலேயே பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாம், சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி விட்டிருப்பார்.

மகள் ஜெனி ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாக வைத்தாள். பஸ் ஸ்ரீரங்கம் சேரும்வரை ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்து நின்றாள். கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதை ஊரே கேக்குதா?"

"எடுக்கச் சொல்லிடறேன். இப்பவே."

சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் இல்லை. அதுதான் பயம்.

பத்து நிமிஷம். திரும்பி வந்தாள். முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை சீவி.

"அதுல எனக்கு மூச்சு வாங்குது. நல்லாவே இல்ல. வேற பேசித் தரேன், போனை எடுங்க."

ஜெனி: "அம்மா, குரல் மட்டுந்தாம்மா. வீடியோ இல்ல."

"தெரியும்டி. நீ கதவைச் சாத்து."

போனை நீட்டினேன். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். வரவில்லை. கடைசியில் கட்டிலிலிருந்து புது விரிப்பை உருவி மடித்து ஜெனி கையில் கொடுத்தாள்.

"நீங்க மேல ஏறுங்க. எதிர்ல ஆள் தொங்கினாத்தான் எனக்குத் திட்ட வரும்."

ஏறினேன்.