துணி அலமாரிப் பாடங்கள்

மார்ச் 4, செவ்வாய்

காதில் ஹெட்போன், கையில் மைக், துணி அலமாரிக்குள் நான். தெருச் சத்தம் வராத இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான். மொழி கற்றுத்தரும் ஒரு செயலிக்குக் குரல் கொடுக்கும் வேலை. இன்றைய ஆங்கிலப் பாடம்: எதையாவது புதிதாகச் செய்துபார்க்கச் சொல்லும் பேச்சுவழக்குகள். ‘கிவ் இட் எ ஷாட்’, ‘ஹேவ் எ கோ’. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, கற்பவர் திருப்பிச் சொல்ல இடைவெளி விட வேண்டும். குரலில் உற்சாகம் வேண்டுமாம். அதற்கு நான் எங்கே போவேன்?

மார்ச் 5

அச்சகத்தை மூடியதிலிருந்து என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுவதே இல்லை. தம்பி போன் செய்தான். அவன் வேலை பார்க்கும் ஓட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினால் போதும்.

“அடுத்த வாரம் சும்மா வந்து பாருங்க அத்தான்.”

“இந்த வயசுல எனக்கு இங்கிலீஷா? போப்பா, வேற வேலை இருந்தா பாரு.”

மனுஷன் உள்ளுக்குள்ளேயே ஒடுங்கிக்கொண்டு போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 7

சண்டை. ‘கிவ் இட் எ வேர்ல்’, அதாவது ‘ஒரு தடவை செய்துதான் பாரேன்’, வாயில் நுழையாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் எதிரே நிற்கிறார்.

“என் காதுல விழணும்னுதானே இவ்ளோ சத்தமா சொல்ற? நேராவே சொல்லேன்.”

பாடம்ங்க, எழுதிக் குடுத்ததைத்தான் படிக்கிறேன்னு சொன்னேன். நம்பலை. குத்திக்காட்டறதுக்கா இந்தப் புழுக்கத்துல உக்காந்திருக்கேன்? போதும்டா சாமி.

மார்ச் 8

சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்.

மார்ச் 11

நேற்று அனுப்பிய பதிவு செயலிக்காரர்களிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. “பின்னாடி ஒரு ஆண் குரல் கேக்குது மேடம், மறுபடி பேசி அனுப்புங்க.” பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று எரிச்சலோடு போட்டுக் கேட்டேன்.

‘ஹேவ் எ கோ’ என்கிறேன் நான். இடைவெளி. கதவுக்கு அந்தப் பக்கம், மெதுவாக, தயங்கித் தயங்கி — ‘ஹேவ் எ கோ.’

எல்லா இடைவெளியிலும் அவர்தான். ஒன்றைக்கூட விடவில்லை.

அழுதுவிட்டேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார்.

மார்ச் 12

அவர் குளிக்கப் போன நேரத்தில் மறுபடி பேசி அனுப்பிவிட்டேன். வேலை முடிந்தது.

அவர் வந்து படுத்துக் கட்டில் கிரீச்சிட்டதும், திரும்பவும் அலமாரிக்குள் போய் உட்கார்ந்தேன். ஹெட்போன் போடவில்லை. மைக்கையும் அணைத்து வைத்துவிட்டு, முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். இடைவெளியைக் கொஞ்சம் நீட்டி விட்டேன்.