தூங்க விடாத மதியம்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் சோஃபியாவுக்கு,

நானும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம். குளிர் தேசத்தில் உன்னையும் மாதா சுகமாக வைத்திருக்க வேண்டும். மேற்கொண்டு படிக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள், தம்பி நோயல் நன்றாக இருக்கிறான். வீடியோவில் நீ பார்க்கும்போது குதித்துக்கொண்டிருந்தானே, அது நடிப்பில்லை. ஆனால் அந்த நெற்றி வீக்கத்தைப் பற்றி நீ கேட்டபோது விளையாடும்போது இடித்துக்கொண்டான் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் பேசினால் அப்பாவோ தம்பியோ பக்கத்தில் இருக்கிறார்கள், என் முகத்தை நீயும் பார்க்கிறாய், எனக்குச் சொல்ல வரவில்லை. அகஸ்டின் மாமா அயர்லாந்துக்குக் கிளம்புகிறார், பருப்புப் பொடியோடு இதையும் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வழக்கம்போல நோயல் மந்தைவெளியில் நோரா அத்தை வீட்டில் இருந்தான். சாப்பாட்டு நாற்காலியில் ஏறி நின்று ஜன்னல் வழியே பறக்கும் ரயிலைப் பார்க்கிறேன் என்று எம்பியிருக்கிறான், நாற்காலி சரிந்து தரையில் நெற்றி மோதிவிட்டது. உடனே அழுதானாம், மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, அத்தையின் பெயரையும் என் பெயரையும் கேட்டதற்குச் சரியாகச் சொன்னானாம். அத்தை அங்கே ஐஸ் வைத்துக்கொண்டே எனக்கு போன் செய்தாள். எங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது, நான் அலமாரிக்கு நடுவில் ஏணியில் நின்றபடி, தூங்க மட்டும் விட்டுடாதீங்க அக்கா, நான் வந்துடறேன் என்றேன். தலையில் அடிபட்டால் தூங்க விடக்கூடாது என்று சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அது எனக்குள் ஊறிப்போயிருக்கிறது, அதை யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எத்தனையோ விஷயங்களைப் புத்தகத்தில் தேடிப் பார்க்கிறவள், இதைத் தேடவில்லை.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். அந்த ஒரு வரிசையை முடித்துவிட்டுப் போகலாம், அடுத்ததையும் முடித்துவிடலாம் என்று நின்றுவிட்டேன். இடையில் அத்தை மறுபடி கூப்பிட்டாள், புள்ள தினம் படுக்கிற நேரம்மா இது, கண்ணு சொக்குது, பாவமா இருக்கு, கொஞ்சம் படுக்க வைக்கட்டுமா, நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன் என்று கெஞ்சினாள். வேண்டவே வேண்டாம், சொன்னா கேளுங்க என்று நான்தான் அதட்டினேன். அப்புறம் அவள் ஈரத் துண்டால் முகம் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு நடந்து, கீபோர்டை வாசித்து, போகிற வருகிற ரயிலையெல்லாம் காட்டி, அவன் அத்தை ஒரே ஒரு நிமிஷம் அத்தை என்று அழுதும் விடாமல் மதியம் முழுக்க விழிக்க வைத்திருக்கிறாள். ஐந்து வயதுப் பிள்ளையை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் துவண்டு போயிருந்தான். தொட்டாலே எரிச்சல், கூப்பிட்டால் பதில் இல்லை. ஸ்டாண்டிலிருந்து அன்வர் பாஷா ஆட்டோவை எடுத்தார், உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவரேதான். அத்தையும் எங்களோடு ஏறிக்கொண்டாள். அடையாறு போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பி, இன்னா நைனா, தரைக்கு ஒண்ணும் ஆவலியே, நான் எத்தினி தபா வுயுந்துகீறேன் தெரியுமா, மண்டை இன்னும் கெட்டியா கீது பாரு என்று தலையில் தட்டிக் காட்டினார். அவர் வாயைத் திறந்தாலே சிரிக்கிற பிள்ளை அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஆழ்வார்பேட்டை ஆபீஸிலிருந்து அப்பா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

அங்கே டாக்டர் ஹம்சா என்று ஒரு பெண், உன்னைவிடச் சில வயது மூத்தவளாக இருப்பாள். எவ்வளவு உயரம், மயக்கம் உண்டா, வாந்தி உண்டா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, அப்பவே கொண்டுவந்திருந்தா அனேகமா ஸ்கேனே எடுத்திருக்க மாட்டோம்மா, சில மணி நேரம் இங்கயே வச்சுப் பாத்து அனுப்பியிருப்போம் என்றாள். தலை ஸ்கேனில் கதிர்வீச்சு இருக்கிறதாம், சின்னப் பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் எடுக்கக் கூடாதாம். நன்றாக இருக்கிற பிள்ளை தன் வழக்கமான நேரத்தில் தூங்கினால் தப்பில்லையாம், எழுப்பினால் சரியாக எழுந்து பேசுகிறானா என்று பார்த்தால் போதுமாம். இப்ப இவன் மந்தமா இருக்கறது தூக்கத்தாலயா அடியாலயான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல, அதனால காத்திருக்க முடியாது, எடுத்துத்தான் ஆகணும், இவ்வளவு நேரம் யாரு தூங்க விடாம வச்சது என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை, சோஃபி. அத்தை அவனுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நான்தாம்மா வச்சிருந்தேன் என்று டாக்டரிடம் சொன்னாள். நான் சொல்லித்தான் செய்தாள் என்று அப்போதே சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஸ்கேன் அறைக்குள் அப்பா அவனைப் பிடித்துக்கொள்ளப் போனார், கதவு மூடியது, உள்ளே அவன் அலறினான். எனக்கு என்ன ஆயிற்றோ, சுவரைப் பார்த்துக்கொண்டு, பெத்திருந்தாத்தானே தெரியும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை, இரத்தக் கசிவு இல்லை என்று டாக்டர் வந்து சொல்லும்வரை அத்தை இருந்தாள், செருப்பை என் பக்கத்தில் வைத்தாள், போய்விட்டாள். நோயல் அங்கேயே தூங்கி எழுந்து, ஊசி போட்டா கடிச்சிடுவேன் என்று நர்ஸை மிரட்டினான், எல்லாரும் சிரித்தார்கள், அத்தை எங்கே என்று கேட்டான், சிரிப்பு நின்றது.

உன்னையும் அவனையும் அவள் எப்படி வளர்த்தாள் என்று உனக்கு நான் எழுத வேண்டாம். நான் வேலைக்குப் போக முடிந்ததே அவளால்தான். இப்போது அவனைப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காப்பகத்தில் விடுகிறோம், மதியம் அங்கே தூங்க மாட்டேன் என்கிறானாம். அக்காவுக்கு இவ்ளோ வயசாயும் புத்தி இல்லையா என்று அப்பா வீட்டுக்கு வந்தும் திட்டிக்கொண்டிருந்தார், அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பொறுக்க முடியாமல் முந்தாநாள் சாப்பிடும்போது உள்ளதைச் சொல்லிவிட்டேன். அப்ப அக்கா ஏன் ஒண்ணும் சொல்லல என்று மட்டும் கேட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவர் வெகு நேரம் வரவில்லை.

நேற்று நான் தனியாக மந்தைவெளிக்குப் போனேன். அத்தை கதவைப் பாதி திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. மன்னிச்சிடுங்க அக்கா என்றேன், அதற்குமேல் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. புள்ள நல்லா தூங்குறானா என்று கேட்டாள். தூங்குகிறான் என்றேன். அடுப்புல பால் இருக்கு ஜொவிட்டா என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள், சத்தம் வராமல், மெதுவாக. சத்தமாகச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. பக்கத்தில் இருந்தால் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தம் கொடுத்திருப்பேன், ஜெபத்தில் அதைச் செய்கிறேன். ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

ஞாயிறுதோறும் நீ அத்தைக்கு போன் செய்வதை நிறுத்தாதே. அவளாக இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், இனியும் சொல்ல மாட்டாள். எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தையும் பேசாதே. பேசினால் உனக்காக அவள் என்னை மன்னித்துவிடுவாள், அது எனக்கு வேண்டாம். நானே மறுபடியும் போய்க் கதவைத் தட்டுகிறேன்.

உன் அம்மா,
ஜொவிட்டா